பழைய ஜாவா பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் எபாக்ஸி சீலர்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

டேங்க்குக்குள் ஊற்றி உள்சுவரில் பூச்சாகப் படியவிட்டுக் கசிவை அடைப்பதுதான் சீலர். ஊசித்துளைக் கசிவுக்கும் உள்துருவுக்கும் இந்த டேங்க் சீலர் கிட் தாராளமாகப் போதும். விளிம்பு பிளந்த டேங்க்குக்கும் விபத்தில் நசுங்கிக் கீறிய டேங்க்குக்கும் வாங்காதீர்கள். தகட்டுக்கு வலு சேர்க்கிற வேலை இந்தப் பூச்சுடையது அல்ல.

என் ஜாவா 250-இல் டேங்க்கின் அடியில், இரண்டு தகடுகளும் சேர்கிற ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அதைச் சுற்றி எப்போதும் பெட்ரோல் வாடை. முதலில் பெட்ரோல் காக்கின் (டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வாஷரைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அங்கே ஒழுகினாலும் ஈரம் ஓரத்தோடு ஓடி வேறிடத்தில்தான் சொட்டும். அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவி விட்டேன். காக்கைச் சுற்றித் தூள் வெள்ளையாகவே நின்றது. கொப்புளத்தின் நடுவில் மட்டும் கடுகளவு கருத்து, மெல்லப் பரவியது. அதுதான் துளை.

கிட்டில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, இரண்டும் கலந்தால் இறுகி எபாக்ஸிப் பூச்சாகிற ரெசின், ஹார்டனர் ஆகியவை இருக்கின்றன. பணத்துக்குப் பெறுமானம் முதல் இரண்டு பாட்டில்களில்தான். ஜாவா டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே டேங்க்குக்குள் போகிறது. வருடக்கணக்கில் உள்சுவரில் படிந்த அந்தப் படலத்தின் மேல் எந்த எபாக்ஸியும் ஒட்டாது. முதல் கழுவலில் பழுப்பாக, கொழகொழவென்று வந்தது. உள்ளே ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழியும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கத் தாளில் இது ஒரே வரியில் வருகிறது. ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டிய விஷயம்.

துரு நீக்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. செந்துரு போய்ச் சாம்பல் கறுப்பாக ஒரு படலம் நிற்கும், பூச்சுக்கு நல்ல பிடிப்பு. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நல்ல தகட்டையும் தின்னும், கழுவிக் காய்வதற்குள் மறுபடி சிவந்தும் விடும். செதிலாகக் கட்டிய துருவுக்கு முதலில் ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்குங்கள். நட்டு, போல்ட் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். அமிலம் சிந்தினால் வெளிப் பெயிண்டும் குரோமும் போச்சு, பிளாஸ்டிக் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது காயவைப்பது. மடிப்புக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அங்கே பூச்சு உரியும். தண்ணீரில் அலசிய டேங்க்குக்கு ஹேர் டிரையர் சரி. ஸ்பிரிட்டோ அசிட்டோனோ ஊற்றியிருந்தால் அதன் பக்கத்தில் டிரையரைக் கொண்டு போகவே கூடாது. காலி டேங்க்கில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, ஆவியும் காற்றும் சேர்ந்தால் வெடிக்கும். பிளந்த டேங்க்கை ஆவி நீக்கிப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் கலந்ததும் உடனே ஊற்ற வேண்டும், கோப்பையிலேயே விட்டால் சூடேறி இறுகும். டேங்க்கை எல்லாப் பக்கமும் மெதுவாகப் புரட்டி, கசிந்த ஓரத்தில் கூடுதலாக நிறுத்தினேன். மிச்சத்தை முழுக்க வடித்துவிடுங்கள், அடியில் குளம் கட்டினால் உள்ளே பிசுபிசுப்பாகவே கிடக்கும். காக் துளையை அடைக்க ஒரு மூடிகூடக் கிட்டில் இல்லை. கிரீஸ் தடவிய போல்ட்டால் சமாளித்தேன். பூச்சு இறுகுவதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஒரே பாட்டிலில் வரும் பழைய வகைப் பூச்சுக்கு என் ஓட்டு இல்லை. நண்பரின் வண்டியில் அது எத்தனால் கலந்த பெட்ரோலில் இளகி, தோல் தோலாக உரிந்து, கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைத்துக்கொண்டிருந்தது. வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் போட்டதில் இதுவரை சாக்பீஸ் தூள் நனையவில்லை, ஃபில்டரிலும் துரு இல்லை.

காய நான்கு நாள் என்று தாளில் இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் அது போதாது. கோப்பையில் மிஞ்சிய கலவையை ஒரு தகரத் துண்டில் தடவி, டேங்க்கோடு சேர்த்தே காயவிடுங்கள். நாள் கணக்கு முடிந்ததும் அந்தத் துண்டைக் கொஞ்சம் பெட்ரோலில் ஊறவைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் டேங்க்கை இன்னும் நிரப்பாதீர்கள்.