ஃபிசிக்கல் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போலீஸ் எழுத்துத் தேர்வு பாஸாகி, ஃபிசிக்கலுக்குக் கோச்சிங் சென்டர் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சென்டர் பெயரைப் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் போர்டு மாட்டுவார்கள்.

என் தம்பி 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. ஊர் கிரவுண்டில் தானாக ஓடியே 7:20 வந்துகொண்டிருந்தான். அந்த இருபது விநாடிக்காகத்தான் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் கட்டினோம். முன்னாள் ராணுவ வீரர் பயிற்சி தருவார் என்றார்கள், போய்ப் பார்த்தால் விசில் ஊதுவது போன தடவை இதே ஃபிசிக்கலில் தோற்ற பையன்!

காலை 5 மணிக்கு முழு வேகத்தில் 1500, சாயங்காலம் மறுபடியும் அதே 1500, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது, எல்லாம் தார் ரோட்டில். இரண்டு வேளை ஓடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கென்யாவில் ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன இடென் ஊர்ப் பக்கம் ஓடுகிறவர்கள் அப்படித்தான் ஓடுகிறார்கள், ஆனால் அவை வருஷக்கணக்கில் பழகின கால்கள், அவர்களுமே இரண்டாவது ஓட்டத்தைப் பெரும்பாலும் பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் ஓடுவார்கள். இங்கே இருபது நாளில் அதைச் செய்யப் பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் வலி, விரல் வைத்தால் துள்ளுகிறான். மாஸ்டர் ஸ்பிரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி ஓடச் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, உடனே "நடிக்கிறான்" என்று பட்டம். (ஓடி ஓடி எலும்பில் விழுகிற மெல்லிய கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம், எங்களுக்கு அப்போது யார் சொன்னார்கள்?) எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் அந்தக் கீறல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று தெரிந்தது. டாக்டர் எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார். அதற்குள் ஃபிசிக்கல் தேதி வந்து போய்விட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீது எங்கே என்றார்கள். ரசீதே தரவில்லை, ஜிபேயில் அனுப்பியதும் யாரோ ஒருவருடைய சொந்த நம்பருக்கு. வாசலில் பிளெக்ஸில் சிரிக்கிற "எங்கள் வெற்றியாளர்கள்" இருக்கிறார்களே, அதில் ஒருவரை விசாரித்துப் பிடித்தோம், மூன்றே நாள் தங்கினாராம். பணம் கட்டும் முன் அப்படி இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள், ஒரு நாள் சாயங்காலம் கிரவுண்டில் நின்று யார் ஓடவைக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

போன வாரம் தம்பிக்கு அங்கிருந்து மெசேஜ். அடுத்த பேட்ச் ஆரம்பமாம், பழைய மாணவர்களுக்குப் பாதி ஃபீஸாம்.