கொழும்பு வெள்ளவத்தையில் நாலு சித்திரைகள்: என் வீட்டுத்தோட்டமும் வாடும் தக்காளியும்

தெஹிவளை மச்சாள் நேற்று போன் எடுத்து, "நாங்களும் தோட்டம் போடலாம் என்று பார்க்கிறோம், சரிவருமா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. அன்று காலையில்தான் 9 தக்காளிச் செடிகளைப் பிடுங்கி, உரப்பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்திருந்தேன். ஆறு செடியில் காய் இருந்தது.

இந்த வீட்டுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல். வளவில் கறிவேப்பிலையைத் தவிர ஒன்றும் நட்டதில்லை. 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அப்போது இவர் மண்வெட்டி எடுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து சித்திரைக்கு முன்பே நாற்று நடுகிறோம். மார்ச், ஏப்ரலில் காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடிமழை. நாற்று பிடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கும்போது தக்காளி காய்க்கிற பருவம். மத்தியானம் நுனி இலை மட்டும் தொய்யும், பின்னேரம் நிமிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லையாக்கும் என்று ஊற்றுவேன். மறுநாள் பாதிச் செடி, மூன்றாம் நாள் முழுச் செடியும் பச்சை மாறாமலே தொங்கும். புழு இல்லை, மஞ்சள் இல்லை.

போன வருஷம் ஒரு செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடும். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் இன்னும் வேகமாகப் பரவும். மருந்தடித்துக் குணமாக்க முடியாது. அந்த மண்ணில் கத்தரி, மிளகாயும் வைக்கக்கூடாது, எல்லாம் ஒரே குடும்பம்.

நாற்று விற்ற கடையைக் குறை சொல்ல மாட்டேன். நானே விதை போட்டு எடுத்த நாற்றும் இப்படித்தான் போனது. இந்த வருஷம் பைகளில் புது மண் நிரப்பினோம். ஆனால் பழைய பாத்தியைக் கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அந்தப் புது மண்ணிலும் போட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

நியாயமாகச் சொன்னால் மற்றதெல்லாம் தாராளமாகத் தந்திருக்கிறது. பயற்றங்காய் இரண்டு மாதத்துக்குள் பறிக்கலாம், கறுப்புப் பேன் வந்தால் கையால் நசுக்கிவிடுவேன். பசளிக் கீரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெட்ட வெட்டத் தழைக்கிறது, வேலியில் ஏறி, பழம் விழுந்து, தானே முளைக்கிறது. அந்தப் பழத்தை நசுக்கிப் பிள்ளைகள் விரலெல்லாம் ஊதாவாக வருவார்கள். கிழமைக்கு இரண்டு நாள் கீரைக்குக் கடைக்குப் போவதே இல்லை.

ஆனாலும் எனக்குத் தோட்டம் என்றால் தக்காளிதான். செடியைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அந்தப் பச்சை வாசம், அதற்காகத்தான் நடுகிறேன். வெறும் பை 9 வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே மச்சாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசளித் தண்டு கேட்டால் வெட்டித் தருகிறேன்.