25 மணி நேரம் கண்ணாடிக்குப் பின்னால்

டெக்சாஸில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, கேட்புக் குறைபாடுகள் பற்றிய நான்கு வருட இளங்கலையை முடித்திருக்கிறேன். பாடத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். அதை விற்ற விதத்துக்குப் பாதிகூடத் தரமாட்டேன். குறையும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

பட்டத்தின் பெயரில் 'கம்யூனிகேஷன்' என்ற சொல் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் எல்லோரும் டி.வி.யில் எப்போது செய்தி வாசிப்பாய் என்றே நான்கு வருடமும் கேட்டார்கள். பாளையங்கோட்டை ஆச்சிக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இருக்கிற ஊர் அல்லவா? "அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் கையாலேயே சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்" என்றாள்.

இந்தப் படிப்பின் உயிர் ஒலியியல்தான். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்வார்; எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டுக் காதில் விழுந்ததை மட்டும் சர்வதேச ஒலிக்குறிகளில் எழுத வேண்டும். ஒருநாள் என்னை முன்னால் நிறுத்தி 'பழம்' என்று சொல்ல வைத்தார். அமெரிக்க ஆங்கிலத்தின் 'ஆர்' ஒலியும் நம் ழகரமும் நெருங்கிய சொந்தமாம். 'ஆர்' ஒலியைச் சிலர் நாக்கு நுனியை மேலே வளைத்துச் சொல்கிறார்கள். சிலர் நுனியைத் தாழ்த்தி நடுநாக்கைத் திரட்டிச் சொல்கிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். சின்ன வயதில் 'வாளைப்பளம்' என்று சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். வகுப்பு முழுவதும் நாக்கை வளைத்துக்கொண்டு 'பழம்' வராமல் திண்டாடியதைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

அதே 'ஆர்' ஒலியை மூன்றாம் வருடம் வளாக கிளினிக்கில், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வயதுப் பையன். 'ரெட்' சொல்லச் சொன்னால் 'வெட்' என்பான். பயிற்சி தந்த முதுகலை மாணவி அவன் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, நாக்கின் இரு ஓரங்களையும் மேல் கடைவாய்ப் பற்களில் அழுத்தச் சொன்னாள். வெட், வெட், வெட். பையன் சலித்துப்போய் மேசைக்கு அடியில் இறங்கிவிட்டான். அவளும் பின்னாலேயே இறங்கினாள். எங்களுக்குக் காலி நாற்காலிகள் இரண்டு மட்டுமே தெரிந்தன. சிறிது நேரம் கழித்து ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு 'ர்ர்' வந்தது. சத்தம் போடக்கூடாது என்பது அந்த அறையின் விதி. பக்கத்தில் இருந்தவள் மேசையில் தட்டியேவிட்டாள்.

கேட்பியலும் நன்றாகவே நடந்தது. வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று ஒருவர் காதை ஒருவர் சோதித்து வரைபடம் போட்டோம். நரம்பியல் பாடம் மட்டும் மனப்பாடக் கச்சேரி.

இனி குறைக்கு வருகிறேன். அமெரிக்கப் பேச்சு மொழி கேட்புச் சங்கமான ஆஷா, பேச்சுச் சிகிச்சையாளர் சான்றிதழுக்குக் கேட்பது 400 மணி நேரம். அதில் 25 மணி நேரம் பார்ப்பது, 375 நேரடியாகச் செய்வது. இளங்கலையில் எனக்குக் கிடைத்தது அந்த 25 மட்டும். மற்றதற்கு முதுகலை வேண்டும். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இளங்கலையோடு டெக்சாஸில் உரிமம் வாங்கி உதவியாளராகச் சேரலாம்; தனியாகச் சிகிச்சை தர முடியாது. சிரித்த முகங்கள் நிறைந்த விளம்பரக் கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரியவந்தது இரண்டாம் வருடத்தில்தான். வேலூர்ப் பெரியப்பா விடவில்லை: "இங்கே சி.எம்.சி.யிலேயே இதே பேச்சு, கேட்பு இளங்கலை, பி.ஏ.எஸ்.எல்.பி. இருக்கிறதே அம்மா. நான்கு வருடத்தில் இன்டர்ன்ஷிப்பும் முடித்து, மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு வேலை பார்க்கலாம்." அவர் சொன்னது சரிதான். அதுவே எரிச்சலைக் கிளப்பியது.

கிறிஸ்தவப் பக்கம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: சிற்றாலய ஆராதனைக்கு வருகைப்பதிவு உண்டு, வேதாகமப் பாடங்கள் கட்டாயம். அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்து தூங்குகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருப்பதுபோல இங்கேயும் இருந்தார்கள். ஆனால் ஒரு வகுப்பை மறக்க முடியாது. யாத்திராகமத்தில் மோசே தன்னைத் 'திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்று சொல்கிற இடத்தை எடுத்துக்கொண்டு, திக்குவாயைத் தீர்த்தே ஆக வேண்டுமா என்று விவாதித்தோம். ஜெபித்தால் சரியாகும் என்று ஒருவன் தொடங்கினான். எங்கள் வகுப்பில் திக்கிப் பேசுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கை தூக்கி, நிதானமாக, திக்கியே முடித்தாள்: "கடவுள் மோசேயின் நாக்கைத் தொடவே இல்லை. அண்ணன் ஆரோனைத் துணைக்கு அனுப்பினார். உலகத்தின் முதல் மாற்றுத் தொடர்புக் கருவி ஆரோன்தான்." பேச்சு வராதவர்களுக்காகப் பேசும் கருவிகளை அப்படித்தான் சொல்வோம். யாரும் இடைபுகுந்து அவள் சொல்லை முடித்துவைக்கவில்லை. ஒலியியலைவிட அந்தப் பழக்கத்தைக் கற்பிக்கத்தான் ஆசிரியருக்கு அதிக நாள் பிடித்திருக்கும்.

வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் சிற்றாலயத்தையும் சாப்பாட்டுக்கூடத்தையும் காட்டி அனுப்பிவிடுவார்கள். கிளினிக்கைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார இளங்கலை மாணவர்களை விடுவார்களா, போன வருடம் எத்தனை பேருக்கு முதுகலையில் இடம் கிடைத்தது என்று கேளுங்கள். பதிலுக்குப் புன்னகை மட்டும் வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் நன்றாகவே இருக்கும்.