டிஸ்கஸ் தொட்டிக்குத் திரவ உரமா, வேர் மாத்திரையா?

டிஸ்கஸ் மீன் வளர்க்கும் தொட்டியில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பெரும்பாலும் கிடையாது, விளக்கும் மிதம்தான். செடிகள் மெதுவாக வளரும், பசியும் குறைவு. அதிலும் மீன்களுக்குப் போடும் தீனியிலிருந்தே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். பெரும்பாலும் குறைவது பொட்டாசியமும் இரும்பும்தான்.

திரவ உரத்தை ஊற்றுவது எளிது. ஆனால் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பாதித் தண்ணீரை மாற்றுகிறார்கள். திங்களன்று ஊற்றியதில் பாதி புதனன்று சாக்கடைக்குப் போய்விடும். அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் பாசிதான் கொழிக்கும்.

வேர் மாத்திரை, அதாவது வேரருகே புதைக்கும் உர மாத்திரை, மணலுக்குள் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன் இரண்டும் வேரால் நன்றாக உண்ணும் செடிகள்; வேரருகே ஆழமாகப் புதைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஒரே எச்சரிக்கை: செடியைப் பிடுங்கி நடும்போது மாத்திரை கலைந்து மேலே வந்தால், அன்றே தண்ணீர் மாற்றுங்கள். சில மாத்திரைகளில் அம்மோனியம் இருக்கும். அந்தச் சூட்டில் அது மீனுக்கு ஆபத்து.

அடியில் மணலே போடாமல், கட்டையில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் கட்டியிருக்கிறீர்களா? அப்போது மாத்திரையைப் புதைக்க இடமே இல்லை. நைட்ரேட் சேர்க்காத திரவ உரமாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் மாற்றிய பிறகு, புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவில் பாதி ஊற்றுங்கள்.

மணல் இருந்தால் என் ஓட்டு மாத்திரைக்குத்தான்.