முடக்கத்தான் பொடி: ரசத்துக்கு ஆகும், தோசைக்கு ஆகாது

வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும் முடக்கத்தானைக் காசு கொடுத்துப் பொடியாக வாங்கும் நிலை நகரத்தில் குடியிருப்போருக்கு வந்துவிட்டது. நானும் எங்கள் பகுதி நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் பொட்டலத்தை 80 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வாரம் பயன்படுத்திப் பார்த்தேன்.

பிரித்ததும் கண்ணை உறுத்தியது நிறம்தான். நிழலில் உலர்த்திய இலை இடித்த பிறகும் ஓரளவு பச்சையாகவே இருக்கும். இந்தப் பொடி பழுப்பேறியிருந்ததால் வெயிலில் காயவைத்திருப்பார்கள் என்று தோன்றியது. சலித்தபோது இரண்டு தேக்கரண்டி அளவுக்குத் தண்டு நாரும், நசுங்காமல் தப்பிய ஒரு விதையும் சல்லடையில் தங்கின. மிளகளவில் கறுத்து, ஒரு பக்கம் வெள்ளை இதய வடிவம் தாங்கிய அந்த விதையை வேறெதுவாகவும் நினைத்துவிட முடியாது. இக்கொடியின் தாவரவியல் பெயரிலுள்ள கார்டியோஸ்பெர்மம் என்ற சொல்லுக்கே இதய விதை என்றுதான் பொருள். சரக்கு முடக்கத்தான்தான், பக்குவத்தில்தான் அக்கறை போதவில்லை.

மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட ரசத்தில் ஒரு தேக்கரண்டிப் பொடி சேர்த்தால், இலேசான கசப்பு புளியில் அடங்கி நன்றாகவே இருக்கிறது. தோசைதான் ஏமாற்றியது. பச்சை இலையை ஊறவைத்த அரிசியோடு அரைத்து வார்க்கும் தோசையின் மணத்துக்குப் பதிலாக வைக்கோல் வாடை எழுந்தது. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று பெயர் பெற்ற இக்கொடியைச் சித்த மருத்துவம் வாத நோய்களுக்குப் பயன்படுத்துகிறது. இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வீங்கிய மூட்டின்மேல் கட்டுவதும், நல்லெண்ணெயில் காய்ச்சித் தைலமாகத் தேய்ப்பதும் கிராமத்து வீடுகளில் வழக்கம். உறையில் இவை எதுவும் இல்லை. 'மூட்டுவலி அடியோடு நீங்கும்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எலிகளிடம் நடந்த சோதனைகளில் வீக்கம் தணிந்தது உண்மையே என்றாலும், இவ்வளவு பெரிய வாக்குறுதிக்கு அது போதாது. என் முழங்கால் வலியிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மாறாக, மலத்தை இளக்கும் குணம் இதற்கு உண்டு என்பதை உறையில் எச்சரித்திருக்க வேண்டும். அளவைக் கூட்டிய ஒரு நாளில் அதை நானே அனுபவித்து அறிந்தேன்.

மீதிப் பொடி ரசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தோசைக்கு உழவர் சந்தையில் 15 ரூபாய்க்குக் கிடைக்கும் பச்சைக் கட்டைத்தான் வாங்குகிறேன்.