புறக்கோள்களுக்குத் தண்ணீர் வந்த வழி: பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கடைவீடு ஒன்றின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் தமிழிலேயே நடக்கும் வானியல் வகுப்புக்கு மகளுடன் சென்றிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குத் தலைக்கு 20 வெள்ளி. சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள பாறைக்கோள்களுக்குத் தண்ணீர் எப்படிக் கிடைத்திருக்கும் என்பதே அன்றைய பாடம்.

ஆசிரியை சப்பாத்தி மாவில் தொடங்கினார். ஒரு கிலோ மாவை உருட்டி மேசையில் வைத்து அதைப் பூமி என்றார்; அதன்மேல் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஐந்தே சொட்டு விட்டு, உலகின் கடல்கள் மொத்தமும் இவ்வளவுதான் என்றார். பூமியின் நிறையில் கடல்நீர் 0.02 விழுக்காட்டைச் சற்றே தாண்டும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஆனால் 20 சென் காசளவுக்கு மாவில் ஊறிய அந்தக் கறையைப் பார்த்த பிறகுதான் அது மனத்தில் பதிந்தது.

அடுத்து, சூடேற்றும் விளக்கு ஒன்றின் முன்னே ஐஸ் கச்சாங்குக்குச் சீவிய பனியை நீளமாகப் பரப்பினார். அருகிலிருந்தது கரைந்தோடியது, தொலைவில் இருந்தது அப்படியே நின்றது. இளம் விண்மீனைச் சுற்றும் தூசுத்தட்டிலும் இப்படி ஒரு பனிக்கோடு உண்டு, அதற்கு உட்புறம் பிறக்கும் பாறைக்கோளுக்குப் பனிக்கட்டி எட்டாது என்று அவர் விளக்கியபோது பிள்ளைகள் யாரும் அசையவில்லை. அப்படியானால் தண்ணீரை வெளியிலிருந்து யார் சுமந்து வந்தது? வால்மீன்கள் என்ற பழைய விடைக்கு ரொசெட்டா விண்கலம் 2014இல் தடை எழுப்பியது. நீர் எங்கிருந்து வந்தது என்பதை அதிலுள்ள கனஹைட்ரஜனின், அதாவது எடை கூடிய ஹைட்ரஜனின், விகிதம் காட்டிக்கொடுக்கும்; 67பி வால்மீனின் நீரில் அது நம் கடலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கரிமம் மிகுந்த விண்கற்களின் நீரோ நம் கடலோடு நெருங்கி ஒத்துப்போகிறது. இந்தப் பகுதி மிக நிதானமாக, மிகத் தெளிவாக அமைந்தது.

என் மனக்குறை மூன்றாவது வழியைப் பற்றியது. கோள் உருகிய கற்குழம்பாக இருக்கும்போது ஹைட்ரஜன் வளிமண்டலம் அதைப் போர்த்தியிருந்தால், அந்த ஹைட்ரஜன் குழம்பிலுள்ள இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, இரும்பை விட்டுவிட்டுத் தண்ணீராகிவிடும். யாரும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை, கோளே தன் தண்ணீரைத் தயாரித்துக்கொள்ளும். பூமியின் நீருக்கும் இதுவே மூலமாக இருந்திருக்கலாம் என்று 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ள கோள்களே இதுவரை மிகுதியாகக் கண்டறியப்பட்டுள்ளன என்பதாலும், அவற்றில் பல ஹைட்ரஜன் போர்வையோடு பிறந்தவை என்று கருதப்படுவதாலும், அன்றைய தலைப்பின் உயிரே இங்குதான் இருக்கிறது. அதற்குக் கிடைத்தவை கடைசிப் பத்து நிமிடங்கள்.

"டீச்சர், டிராப்பிஸ்ட் விண்மீனோட ஏழு கோள்ல ஒண்ணுலயாவது தண்ணி இருக்குமா?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். சிறிய செந்நிற விண்மீன் இளமையில் மிகப் பிரகாசமாக எரிவதால், அருகிலுள்ள கோள்கள் கிடைத்த நீரையும் ஆவியாக்கி இழந்திருக்கக்கூடும், தள்ளியிருப்பவற்றில் மிஞ்சியிருக்கலாம் என்று பொறுமையாக விடை சொன்னார்.

கற்குழம்புக்கென்று தனியாக ஒரு வகுப்பு வேண்டுமென்று புறப்படும்போது ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். நடத்தினால் முதல் வரிசையிலேயே உட்காருவோம். செல்பவர்கள் காரைத் தவிர்த்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்வது நல்லது. சனிக்கிழமை மாலையில் அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை.