நீதிபதிக்கு ஓட்டு: டெக்சாஸ் வழியா, மிசௌரி வழியா?

அமெரிக்காவில் உள்ளூர் நீதிபதி ஆக டெக்சாஸ் ஒரு வழி வைத்திருக்கிறது, மிசௌரி வேறொரு வழி.

டெக்சாஸில் மாவட்ட நீதிபதி கட்சிப் பெயரோடு நிற்க வேண்டும். 4 ஆண்டுக்கு ஒருமுறை முதனிலைத் தேர்தல் (கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது), பொதுத்தேர்தல், நன்கொடை வசூல். நன்கொடை தருபவர்களில் பலர் அவர் முன்னால் வாதாடும் வக்கீல்கள்தான்! ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிபதிப் பெயர்களாலேயே வாக்குச்சீட்டு நீண்டுபோகும். யாருக்கு அத்தனை பேரைத் தெரியும்? 2018இல் அங்கே போட்டியிட்ட குடியரசுக் கட்சி நீதிபதிகள் மொத்தமாகத் தோற்றார்கள். நல்லவர், சுமாரானவர் என்ற பேதமெல்லாம் இல்லை. ஒரே குத்தில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடும் வசதி அப்போது இருந்தது, 2020இல்தான் எடுத்தார்கள். ஆனால் அதே ஜனநாயகக் கட்சி அலையில் 17 கறுப்பினப் பெண்கள் நீதிபதிகளானார்கள். நியமனக் குழு ஒன்று இதைச் செய்திருக்குமா என்பது சந்தேகமே.

மிசௌரி 1940இல் வேறு பாதை எடுத்தது. வக்கீல்களும் பொதுமக்களும் உள்ள குழு 3 பெயர்களைத் தரும், ஆளுநர் ஒருவரை நியமிப்பார். குறைந்தது ஓராண்டு கழித்து வாக்காளரிடம் ஒரே கேள்வி: இவர் தொடரலாமா? எதிராளி இல்லை, கட்சிப் பெயர் இல்லை. தோற்பவர் அபூர்வம். கான்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ் போன்ற இடங்களில்தான் இந்த முறை; மற்ற பல கவுண்டிகளில் இன்னும் கட்சித் தேர்தல்தான்.

வழக்கோடு போய் நிற்பவனாக இருந்தால் மிசௌரியின் இந்த முறையில் வந்த நீதிபதியே வேண்டும் என்பேன். அவரை நீக்குவது கஷ்டம், சரி; ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அவருக்குப் பணம் கொடுத்தாரா என்று தேட வேண்டியதில்லை.